பாய் சைக்கிளுக்குப் பின்னால் என் டெம்போ

பாய்,

நான் அப்போதே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

அரியாங்குப்பம் பாலத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டின் இடது ஓரத்தில், இன்று காலை வெள்ளைப் பெயிண்டில் ஒரு சைக்கிள் படம் போட்டிருக்கிறார்கள். பெயிண்ட் வாசனை டெம்போவுக்குள் புகுந்து மீன் கூடை வாசனையையே அடக்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள். "ஒரு நாள் இந்த ரோட்ல சைக்கிளுக்குன்னு தனியா எடம் ஒதுக்குவான் பாய், ஒதுக்குன அன்னிக்கே அதும்மேல ஒருத்தன் காரைக் கொண்டாந்து நிறுத்துவான்" என்று உன்னிடம் சொன்னேனா இல்லையா? நிறுத்தியிருக்கிறான். கார் இல்லை, கரும்புச்சாறு வண்டி. அந்த ஒரு இம்மிதான் பிசகியது. படத்தில் முன் சக்கரம் மட்டும் தெரிகிறது. பின் சக்கரத்தின் மேல் கரும்புச் சக்கை குவிந்து கிடக்கிறது.

நீ இருந்திருந்தால், "ஜோசியரே, நீ முன்னாடியே சொல்லாதது எதுனா இந்த ஊர்ல நடந்திருக்கா?" என்று கேட்டிருப்பாய். ஒன்றே ஒன்று நடந்தது. நீ ரோட்டில்தான் போவாய் என்று நான் கணித்து வைத்திருந்தேன். நீயோ போன மழைக்காலத்தில், உன் வீட்டுக் கட்டிலில், போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காலையில் எழுப்ப வந்த மகளை ஏமாற்றிவிட்டுப் போனாய். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் சைக்கிள் மிதித்தவன் நீ. என் பேரைக் கெடுக்கவென்றே செய்தது போல் இருந்தது.

எனக்கு எழுத்து வரும் என்பது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். கூட்டிப் பார்த்தால் பத்தாவது வந்துவிடும். மில்லில் நாம் இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் நின்ற காலத்தில் சங்கத்து போஸ்டரெல்லாம் என் கையெழுத்துதான். அதில் ஒன்றை முதலாளியே சுவரில் இருந்து உரித்தெடுத்துக்கொண்டு போய் வீட்டில் மாட்டி வைத்திருந்ததாகக் கேள்வி. மில் மூடியதும் நீ மிக்சி, கிரைண்டர் ரிப்பேருக்குப் போனாய். நான் டெம்போ எடுத்து அரியாங்குப்பத்துக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தேன். நீ முதலியார்பேட்டை வீட்டில் இருந்து பாலம் தாண்டி உன் கடைக்கு சைக்கிளில். நான் அதே ரோட்டில் டெம்போவில். நீ கடை திறப்பதற்குள் உன்னை மூன்று தடவை தாண்டிய நாளெல்லாம் உண்டு.

தாண்டும்போது என்ன செய்வேன்? உன் முதுகுக்குப் பின்னால் வண்டியைக் கொண்டுவந்து, ஒரு அழுத்து, ஹாரனை. நீ சீட்டில் இருந்து ஒரு சாண் எழும்பி உட்காருவாய். "இன்னா பாய், வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்திக்கொண்டே போவேன். வண்டியில் இருக்கிற ஜனமெல்லாம் சிரிக்கும்.

நான் மட்டுமா? அந்த ரோட்டின் சட்டமே அதுதான். பஸ்காரன் பள்ளத்தைப் பார்த்தால் ஒதுங்குவான், சைக்கிளைப் பார்த்தால் ஒதுங்க மாட்டான். பள்ளம் அவன் வண்டியின் ஸ்பிரிங் பட்டையை உடைக்கும். நீ எதை உடைக்கப் போகிறாய்? ஸ்கூட்டரில் போகிற வாத்தியார்கூட சைக்கிளைக் கண்டுவிட்டால் அந்த நேரத்துக்கு வாத்தியாராக இருக்க மாட்டார். பீச் பக்கம் போனால் அது தனி உலகம். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் வாடகைக்கு சைக்கிள் எடுத்து, மஞ்சள் சுவருக்கு முன்னால் சாய்த்து வைத்துப் படம் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் கார்காரன் பிரேக் போட்டு, சிரித்து, கையால் வேறு வழி காட்டுவான். வாடகை சைக்கிளில் போனால் உடம்புக்கு நல்லது. சொந்த சைக்கிளில் போனால் வக்கற்றவன். இதை முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னவன் நான். நீ சொன்னதாக உன் கடைத்தெருவில் இரண்டு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதெல்லாம் வதந்தி.

"ஏன் பாய் இந்தக் கஷ்டம்? என் வண்டியில ஏறி உக்காரேன்" என்று ஒரு நாள் கேட்டேன். ஒரு காலைப் பெடலிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "சைக்கிள்ல போனா நான் போறேன்யா. உன் டெம்போவுல ஏறினா என்னைக் கொண்டு போறாங்க."

நடந்தால் உனக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். நூறு அடி போவதற்குள் யார் வீட்டுப் படியிலாவது உட்கார்ந்துவிடுவாய். மிதித்தால் மட்டும் ஒன்றும் ஆகாது. டாக்டருக்கே அது விளங்கவில்லை. சைக்கிளை எடுத்துவிட்டால் நீ வீட்டோடு. அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமையை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால்தான் அதற்கு ஒரு களை.

நீ பாலத்தில் இடது ஓரமாகப் போகிறாய். பின்னால் கேரியரில் டூல்ஸ் பெட்டி, ஹேண்டில் பாரில் யாருடைய மிக்சி ஜாரோ ஒன்று. நான் காலி டெம்போவில், மரியாதையான இடைவெளி விட்டு, கோயில் தேர் மாதிரி வந்துகொண்டிருக்கிறேன். அப்போது பின்னால் இருந்து வெள்ளைக் கார். சென்னைக் கார். உள்ளே பாட்டு, நாலு பேர், கறுப்புக் கண்ணாடி. நூற்றிருபதில் என்னைத் தாண்டினான். காற்றில் என் வண்டியே ஆடியது. தாண்டிய வேகத்தில் உன் வலது முழங்கையில் ஒரு தட்டு. நீ இடது பக்கம் சரிந்தாய். மிக்சி ஜார் மட்டும் தனியாகப் பாலத்தில் உருண்டு உனக்கு முன்னால் அரியாங்குப்பம் போய்ச் சேர்ந்தது.

நான் விடுவேனா? துரத்தினேன். ஊருக்கு நடுவே புகுந்து, ஒருவழித் தெருவில் எதிர்ப்பக்கமாக ஏறி, பிள்ளைச்சாவடி வரை விரட்டினேன். ரோட்டோரம் வலை காயப்போட்டிருந்த மீனவர்களிடம் "வீசுங்கடா!" என்றேன். வீசினார்கள். விழுந்தது. கார் வலையோடு சென்னைக்குப் போய்விட்டது.

பெரியாஸ்பத்திரியில், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நீ படுத்திருந்தபோது இதைத்தான் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய்.

"யோவ், என்னை இங்க தூக்கினு வந்தது யாரு?"

"நான்தான்."

"காரைத் தொரத்தினு போனது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டும் ஒரே நேரத்துலயா?"

"வேலையில சுறுசுறுப்பு வோணும் பாய்."

"உன் டெம்போ நாப்பதுக்கு மேல போனா கதவு கழண்டுக்குமே?"

"அன்னிக்குக் கழண்டுக்கல."

நீ சிரித்தாய். சிரித்ததும் கட்டு வலித்தது, "யா அல்லாஹ், இவனை வெளிய அனுப்புங்கப்பா" என்றாய். டாக்டர் வந்து எந்த வண்டி இடித்தது என்று கேட்டபோது, நீ வாயைத் திறக்கும் முன் நானே சொல்லிவிட்டேன், வெள்ளைக் கார் என்று. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "அவரு பின்னாடி வந்தாரு. எனக்கு முதுகுல கண்ணா இருக்கு?" என்று டாக்டரிடம் சொன்னாய்.

கட்டைப் பிரிப்பதற்கு முன்பே உன் மகள் சபீனா சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டாள். சாவி அவள் கைப்பையில். நான் சமாதானம் பேசப் போனேன்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. ரோட்ல சைக்கிள்காரனை எவனாவது மனுசனா மதிக்கிறானா? விழுந்தாக்கூட 'ஏன்யா குறுக்க வந்த'ன்னு விழுந்தவரைத்தான் கேக்குறான். அத்தாவுக்கு இன்னொரு தடவை அடிபட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. எனக்கு! உனக்கே தெரியும், அது எத்தனை அபூர்வம் என்று.

கட்டைப் பிரித்த பிறகும் நீ வீட்டோடுதான் இருந்தாய். முதல் வாரம் வீட்டு மிக்சியைப் பிரித்துப் பூட்டினாய். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு மிக்சி. மூன்றாம் வாரம், ரிப்பேர் இல்லாத ஃபேனைக் கழற்றி மறுபடி மாட்டினாய். அதற்குப் பிறகு அது பின்பக்கமாகச் சுற்றியது. ஒரு நாள் என் டெம்போவில் கடைக்கு வந்தாய். மீன்கார அஞ்சலைக்கும் மூலைக் கம்பிக்கும் நடுவில், டூல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. மறுநாள் வரவில்லை. கடை பூட்டியே கிடந்தது. சபீனா வந்து, "அத்தா பேசறதே இல்ல மாமா" என்றாள்.

அதற்கு மேல் நான் சும்மா இருப்பேனா? என் மூளை வேலை செய்தது. ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் சிவப்புத் துணி. கேரியரில் குறுக்காகக் கட்டினேன். வலது பக்கம் மூன்றடி நீட்டிக்கொண்டு நிற்கும். கிட்டே வருகிற வண்டிக்காரன் தன் வண்டியில் கோடு விழும் என்று பயந்து தள்ளிப் போவான். வெளிநாட்டில் இதற்கு மெடல் கொடுப்பார்கள். சபீனா சந்தேகத்தோடு சாவியைக் கொடுத்தாள்.

முதல் நாள். பாலத்துக்கு முன்னால் நெரிசல். வண்டியெல்லாம் நிற்க, நீ மட்டும் ஓரமாகப் புகுந்து போனாய். அங்கே ஸ்கூட்டரில் ஒரு ஆபீஸ்காரர். பின்னால் கொக்கியில் சாப்பாட்டுப் பை. உன் கழி பையின் காதுக்குள் நுழைந்தது. பை உன்னோடு கிளம்பியது. "திருடன்! திருடன்!" என்று அவர் கத்த, நீ யாரையோ சொல்கிறார் என்று நினைத்து நீயும் திரும்பித் திரும்பித் திருடனைத் தேடிக்கொண்டே மிதித்தாய். கடை வாசலில் இறங்கிய பிறகுதான் கழியில் பை தொங்குவதைப் பார்த்தாய். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பின்னாலேயே வந்து சேர்ந்த ஆபீஸ்காரர் முகம் தக்காளி மாதிரி இருந்தது. அவர் வீட்டு கிரைண்டருக்கு நீ ஒரு பெல்ட் மாட்டிக் கொடுத்துத்தான் விஷயம் முடிந்தது.

"அத்தாவைத் திருடன்னு சொல்ல வெச்சுட்டீங்களே மாமா!" என்று சபீனா மறுபடி கையை நீட்டினாள், சாவிக்கு.

அப்போதுதான் நான் சொன்னேன், "நான் பின்னாடியே வரேன். டெய்லி. எவனும் உன் அத்தாவை நெருங்க முடியாது." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. சபீனா யோசித்தாள். "சரி. ஆனா சனி, ஞாயிறு கூடாது. அப்பதான் வெளியூர்க் காருங்க வரும்" என்றாள். வெள்ளைக் கார் வந்தது செவ்வாய்க்கிழமை ஆயிற்றே என்று நீ முனகினாய். "லீவு போட்டுட்டு வந்தான் பாய்" என்றேன்.

மறுநாள் காலை ஊர் பார்த்தது. முன்னால் நீ, சைக்கிளில், நிமிர்ந்து. பின்னால் என் டெம்போ, முதல் கியரில், உள்ளே எட்டு பேர்.

"யோவ், இதுக்கு நான் நடந்தே போயிருப்பேன்யா. மீனு நாறிடும்!" என்றாள் அஞ்சலை.

"நாறலனா அது மீனா? ஒக்காரும்மா."

அஞ்சலைக்கு எதிரே ஒரு சொல்தா உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர், தொப்பி இல்லாமல் வெளியே வர மாட்டார். அவர் மட்டும் என் கட்சி. "பிரான்சுல இப்படித்தான். சைக்கிள் முன்னாடி போனா காருங்க பின்னாடியே வரும். ஹாரன் அடிக்க மாட்டான்" என்றார்.

"அப்போ அங்கியே இருந்திருக்கலாமே மெசியே, இங்க வந்து எங்க உயிரை எடுக்கறீங்க" என்றாள் அஞ்சலை.

எதிரே வந்த டெம்போக்காரர்கள் எல்லாரும் தலையை வெளியே நீட்டினார்கள். "இன்னாடா, மாப்பிள்ளை ஊர்வலமா?" ஒருத்தன் தன் வண்டியில் இருந்தே தவில் வாசிப்பது போல் கதவைத் தட்டிக்கொண்டு போனான். பாலத்தின் நடுவில் நீ சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, நிதானமாக என் ஜன்னலுக்கு வந்தாய். பின்னால் எத்தனை ஹாரன்!

"எதுக்குய்யா என் பின்னாடியே வர்ற? நான் இன்னா மந்திரியா?"

"நீ போ பாய். நான் வரேன்."

"எனக்கு வெக்கமா இருக்குய்யா."

"உன் முதுகுக்குப் பின்னாடிதான் சிரிக்கிறானுங்க. என் மூஞ்சிக்கு நேராவே சிரிக்கிறானுங்க. எவ்ளோ வெக்கமா இருக்கும் பாரு."

திரும்பிப் போய் ஏறினாய். இரண்டு வாரத்தில் உனக்கே பிடித்துப் போய்விட்டது. பாலம் இறங்கும்போது டீக்கடையில் நிற்கிறவர்களைப் பார்த்து இடது கையை மெல்ல உயர்த்துவாய். அசல் மந்திரி. எனக்கு வருகிற ஆட்கள் குறைந்தார்கள். அவசரம் உள்ளவன் எவனும் என் வண்டியில் ஏறுவதில்லை. அஞ்சலை மட்டும் திட்டிக்கொண்டே ஏறினாள். "எனக்கு அவசரந்தான். ஆனா உன்னைத் திட்டாம நாளு வெடிய மாட்டேங்குது" என்றாள். அப்படியே நான்கு வருஷம். ஒரு கீறல் இல்லை உன் மேல். ஜனாதிபதிக்குக்கூட அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். எதற்காக இதைச் செய்கிறாய் என்று கேட்டவர்களிடம், எனக்குப் பெரிய மனசு என்பேன். சொல்தா கூட என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இப்போது உன் சைக்கிளை யார் ஓட்டுகிறார்கள் தெரியுமா? சபீனா. பாலத்துக்கு அந்தப் பக்கம் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நின்று நின்று சலித்து, நீ போனதும் மறுபடி போட்டுப் பூட்டிய சங்கிலியை ஒரு நாள் அவளே அவிழ்த்துவிட்டாள். உன்னைப் போலத்தான் முதுகை நிமிர்த்தி மிதிக்கிறாள். நேரம் ஒத்துவந்தால் நான் அவள் பின்னாலும் போகிறேன். ஹாரன் அடிப்பதில்லை. எந்த சைக்கிளுக்கும் அடிப்பதில்லை பாய், அந்தக் கை மறந்துவிட்டது.

போன வாரம் பாலத்தின் இறக்கத்தில் அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டி ஒரு டெம்போக்காரன் போனான், நம் ஸ்டாண்டுப் பையன்தான். ஓரத்தில் யாரோ நிற்பதைப் பார்த்து இடது பக்கம் வெடுக்கென்று ஒடித்தான். அவள் ஹேண்டில் பாருக்கும் அவன் வண்டிக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை நுழையாது. அவள் ஒதுங்கவே இல்லை. வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏம்மா ஒதுங்கல?"

அவள் சிரித்தாள். "டெம்போதான மாமா. நம்ம ஆளுங்க. வெள்ளைக் காருன்னா அப்பவே ஒதுங்கியிருப்பேன். சின்ன வெள்ளைக் காரு வந்தாக்கூட நான் ஓரமா இறங்கி நின்னுடுவேன், நீங்க பயப்படாதீங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வெள்ளைக் காருக்குப் பயப்படுகிறாள். டெம்போவை நம்புகிறாள். என்னைப் பார்த்து, நான் சொன்னதைக் கேட்டு, நம்புகிறாள். பாலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை டெம்போ போகிறது என்று உனக்குத் தெரியும். ஆளைக் கண்டால் அத்தனையும் எந்தப் பக்கம் ஒடியும் என்பதும் தெரியும்.

நாளைக் காலை அவள் சைக்கிளை எடுக்கும் முன் வாசலில் போய் நிற்கப் போகிறேன். சொன்ன பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடுவாளா என்பதை மட்டும் என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். நீ இருக்கும்போது நான்கு வருஷம், தினம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே, சொல்ல வாய் வராமல் போனது.

நான் மரியாதையான இடைவெளியில் வரவில்லை பாய். காலி வண்டி, பின்னால் போட்டிக்கு இன்னொரு டெம்போ. இறக்கத்தில் ஒரு அம்மா கையைத் தூக்கினாள். அவனுக்கு முந்தி ஓரம் கட்ட வேண்டும். நீ இருந்ததைப் பார்த்தேன். ஹாரனை அழுத்தினேன், எப்போதும் போலத் துள்ளி ஒதுங்கிவிடுவாய் என்று. ஒதுங்க அங்கே இடம் இல்லை, கைப்பிடிச் சுவர்தான் இருந்தது. உன் முழங்கையில் பட்டது என் டெம்போவின் இடது கண்ணாடி.

வெள்ளைக் கார் என்று ஒன்று வரவே இல்லை. அந்த அம்மா கையைத் தூக்கியதுகூட டெம்போவுக்கு இல்லை பாய். கூந்தலில் கிளிப் மாட்டத் தூக்கிய கை.